விமானத்தில் ஒரு மணி நேரம். வீட்டிலிருந்து எத்தனை மணி நேரம்?

“புதுச்சேரியிலிருந்து பெங்களூருக்கு ஃபிளைட்டில் ஒரு மணி நேரம்தானே! காலையில் கிளம்பினால் மதியம் இன்டர்வியூவுக்குப் போயிடலாம்.” சிதம்பரம், கடலூர் பக்கம் இப்படிக் கணக்குப் போடுபவர்கள் உண்டு. இந்தக் கணக்கு தவறினால் டிக்கெட் பணமும் போகும், இன்டர்வியூவும் போகும். சரியான கணக்கை ஸ்மார்ட்போனிலேயே போட்டுப் பார்க்கலாம், வாங்க.

படி 1: தூரத்தை அளப்போம்

கூகுள் மேப்ஸில் ஓர் இடத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் சிவப்புக் குறி விழும். அதில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது. சிதம்பரம் – கடலூர் நேர்கோட்டில் சுமார் 40 கி.மீ.; சாலையில் 45 கி.மீ.க்கு மேல். விமானம் ஏறக்குறைய நேர்கோட்டில் பறக்கும். புதுச்சேரி – பெங்களூரு விமான நிலையங்களுக்கு இடையே அந்தத் தூரம் சுமார் 265 கி.மீ.

படி 2: பறக்கும் நேரம்

இதுபோன்ற குறுந்தூரத் தடங்களில் ஏடிஆர் 72 என்ற சிறு விமானம் அதிகம் பறக்கிறது. அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. 265-ஐ 500-ஆல் வகுத்தால் அரை மணி நேரம்தான் வருகிறது. அப்புறம் ஏன் டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடுகிறார்கள்? ஓடுதளத்துக்கு ஊர்ந்து செல்வது, மேலே ஏறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் அதில் சேரும்.

படி 3: முழுக் கணக்கு (சிதம்பரத்திலிருந்து)

• லாஸ்பேட்டை விமான நிலையம் வரை: 2 மணி
• முன்கூட்டியே போய்க் காத்திருப்பது: 2 மணி
• விமானம்: 1 மணி 10 நிமிடம்
• இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர: 30 நிமிடம்
• தேவனஹள்ளியிலிருந்து பெங்களூரு நகருக்குள்: 1 மணி 20 நிமிடம்

மொத்தம் 7 மணி நேரம்! சாலை வழியாகப் போனாலும் கிட்டத்தட்ட இதே நேரம்தான்.

அப்போ யாருக்கு லாபம்?

தரையில் செலவாகும் சுமார் 6 மணி நேரம் எந்த ஊருக்குப் போனாலும் பெரிதாக மாறாது. அதனால் தூரம் கூடக்கூட விமானம் லாபம். 2024 டிசம்பர் 20 முதல் புதுச்சேரியிலிருந்து பெங்களூரு, ஹைதராபாத் சேவைகள் மீண்டும் தொடங்கின. ஹைதராபாத் நேர்கோட்டில் சுமார் 600 கி.மீ. அங்கே விமானம் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். பெங்களூரில் இறங்கி அங்கிருந்தே வேறு விமானம் பிடிப்பவர்களுக்கும் நகரப் பயணம் மிச்சம்.

கவனிக்க வேண்டியவை

• பல நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே செக்-இன் கவுண்டரை மூடிவிடும்.
• அடையாளத்துக்கு எம்-ஆதார் போதும். போனில் சார்ஜ் இருக்கிறதா என்று பாருங்க.
• கிளம்பும் முன் அன்றைய விமான நேரத்தைச் சரிபாருங்கள்.
• புகார் இருந்தால் மத்திய அரசின் ஏர்சேவா செயலியில் பதியலாம்.

அடுத்த முறை டிக்கெட் எடுக்கும் முன், உங்க வீட்டு வாசலிலிருந்து இந்த ஐந்து வரியையும் கூட்டிப் பாருங்கள்.