இல்லறத்தில் நன்றியறிதல்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் குடியேறி வாழும் நம் இல்லங்களில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சில பள்ளிகளில் பகலுணவிற்கு முன் கண்களை மூடிக்கொண்டு, உணவளித்த இறைவனுக்கு நன்றி கூறக் கற்றுத் தருகின்றனர். வீடு திரும்பிய பிள்ளை தாயிடம் கேட்கிறது: "நம் பகவான் யாருக்கும் எதையும் கொடுப்பதில்லை என்கிறீர்களே அம்மா, அப்படியானால் நாம் யாருக்கு நன்றி சொல்வது?" பெரும்பாலும் "பேசாமல் சாப்பிடு" என்பதே அதற்குக் கிடைக்கும் விடை. கேள்வியோ எளிதில் தள்ளத்தக்கதன்று.

அருகப் பெருமான் விருப்பு வெறுப்பு அற்றவர். துதித்தால் மகிழ்வதும் இகழ்ந்தால் வெகுள்வதும் அவரிடம் இல்லை. அவருடைய குணங்கள் நமக்கும் வாய்க்க வேண்டும் என்றே வணங்குகின்றோம். அரிசியும் பருப்பும் வேண்டி அன்று. ஆகவே தட்டில் இருக்கும் சோறு அவர் தந்த வரம் ஆகாது. எனினும் அது தானே வந்து விழுந்ததும் அன்று. யாரோ தந்திருக்கின்றனர், எவையோ தம் உயிரையே தந்திருக்கின்றன.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் 5ஆம் அத்தியாயம் இவ்விடத்தில் நமக்குத் துணையாகிறது. தன்மம், அதன்மம், ஆகாயம், புற்கலம் ஆகிய திரவியங்கள் செய்யும் உபகாரங்களை முறையே கூறிவந்த ஆசிரியர், 21ஆம் சூத்திரத்தில் உயிர்களின் உபகாரத்தைக் கூறுகின்றார். ஒன்றுக்கொன்று உதவுதலே உயிர்களின் செயல் என்பது அதன் கருத்து. இதற்கு உரை வகுத்த பூச்சியபாதர், தலைவனையும் பணியாளனையும், ஆசிரியரையும் மாணவரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டார். தலைவன் பொருள் தந்து உதவுகிறான். பணியாளன் நன்மையைச் செய்தும் தீமையை விலக்கியும் உதவுகிறான். வாங்குபவன் மட்டுமோ கொடுப்பவன் மட்டுமோ அங்கே இல்லை. இவ்வெடுத்துக்காட்டை நம் சமையலறைக்குள் கொண்டு செல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அம்மி, உரல், அடுப்பு, நீர்ச்சால், துடைப்பம் என்னும் ஐந்தும் இல்லத்தில் உயிர்க்கொலை நிகழும் இடங்கள் என்று முன்னோர் எண்ணினர். சமந்தபத்திரரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், முனிவர்க்கு அளிக்கும் தானத்தைப் பேசுமிடத்தில் இவ்வைந்தின் தொழிலும் நீங்கியவர் அவர் என்று குறிக்கிறது. அந்நூலைத் தழுவித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பு நம் இல்லங்களில் இருக்க வேண்டிய நூல். அம்மியின் இடத்தில் இன்று மிக்ஸியும், அடுப்பின் இடத்தில் கேஸ் ஸ்டவ்வும் வந்துவிட்டன. கருவி மாறியதே தவிரக் கணக்கு மாறவில்லை. நிலம், நீர், தீ, காற்று, தாவரம் ஆகிய ஓரறிவுயிர்கள் மீது நின்றுதான் நம் இல்லறம் நடக்கிறது. நன்றி என்பதற்கு நம் சமயத்தில் உள்ள வடிவமும் அதனால் வேறாகிறது. பிறர் "நன்றி" என்று கூறும் இடத்தில் நாம் பிரதிக்கிரமணத்தில் "பொறுத்தருள்க" என்று உயிர்களை வேண்டுகின்றோம். நன்றி கூறிவிட்டால் கடன் தீர்ந்தது என்னும் எண்ணம் எளிதில் வந்துவிடும். பொறுத்தருளுமாறு வேண்டியவனோ மறுநாளும் விழிப்போடு நடந்தாக வேண்டும். திருக்குறளில் செய்ந்நன்றியறிதல் துறவறவியலில் வைக்கப்படாமல் இல்லறவியலில் வைக்கப்பட்டதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். துறவி கொள்வது மிகச் சிறிது. நாள்தோறும் கொண்டுகொண்டே இருப்பவர் இல்லறத்தாரே.

இவற்றுள் நீர் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும்.

36 அங்குல நீளமும் 24 அங்குல அகலமும் உள்ள கெட்டித் துணியை இரண்டாக மடித்து நீரை வடிகட்டுக என்பது மரபு. அவ்வாறு வடித்த நீர் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் வரையே கொள்ளத்தக்கது. நன்கு கொதிக்கவைத்த நீர் ஒரு நாள் வரை. இவை பலருக்கும் தெரிந்தவை. ஆனால் வடித்தபின் செய்ய வேண்டிய ஒன்று உண்டு; அதனை நாம் மறந்து வருகின்றோம். துணியில் தங்கிய சிற்றுயிர்களை வடித்த நீராலேயே அலசி, அவை எந்த நீர்நிலையிலிருந்து வந்தனவோ அந்த நீர்நிலையிலேயே சேர்த்துவிட வேண்டும். உயரத்திலிருந்து ஊற்றினால் அவை இறக்கும் என்று, வாளியை நீர்மட்டம் வரை இறக்கிச் சேர்ப்பர். வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் என் பாட்டி இதனைச் செய்யும்போது பேசமாட்டார். கிணற்றடியில் குனிந்து கயிற்றை மெல்ல விடுவார். "அதுகளும் வீடு போய்ச் சேரட்டும்" என்பது மட்டும் அவர் சொல். சிறுவயதில் எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றியது. கொண்டதைக் கொண்ட இடத்தில் திருப்பித் தரும் செயல் அது என்பது பின்னரே விளங்கிற்று.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, திண்டிவனம், செஞ்சி வட்டங்களின் சிற்றூர்களிலிருந்து, வேலையின் பொருட்டு இந்தத் தொழிற்பேட்டைப் பகுதிகளுக்கு வந்த குடும்பங்கள் கிணற்றை உடன்கொண்டு வரவில்லை. ஆழ்துளைக் குழாயில் வாளி இறங்காது. மூன்றாம் மாடியில் குழாயைத் திறந்தால் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்பதே பலருக்குத் தெரியாது. வந்த இடம் தெரியாத நீருக்கு நன்றி எவ்வாறு தோன்றும்? 2019ஆம் ஆண்டுக் கோடையில் அதனை அறிந்துகொண்டோம். செம்பரம்பாக்கமும் புழலும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ஏறத்தாழ 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. நமக்கு அடுத்த ரயில் நிலையங்களில் ஒன்று அது. அந்நாள்களில் அரிசி களைந்த நீரை ஒரு குடும்பமும் வீணாக்கவில்லை. மழை பெய்ததும் பழைய வழக்கம் திரும்பிவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அளவோடு கொள்ளுதலைப் போகோபபோக பரிமாண விரதம் என்று நம் நூல்கள் வகுத்துள்ளன. பஞ்சம் வந்து கற்பித்தால் அது விரதம் ஆகாது, வெறும் நெருக்கடியே.

இனி இரவுண்ணாமை. சென்னையில் நவம்பர் மாதத்தில் 5.40 மணி அளவிலும், ஜூலையில் 6.40 மணி அளவிலும் கதிரவன் மறைகிறது. தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டு செல்பவர் அதற்குள் உண்ண வேண்டுமானால் டிபன் கேரியரில் இரண்டு வேளை உணவு செல்ல வேண்டும். கிழங்கும் வெங்காயமும் பூண்டும் இன்றி, காய்களைப் புழு பார்த்து நறுக்கி, பகல் பன்னிரண்டுக்குள் அதனை முடிக்கின்றவர் யார்? விரதம் காப்பவர் என்று ஊரார் கணவரைப் போற்றுகின்றனர். அவ்விரதத்தின் பாதிச் சுமை மனைவியின் தோளில் இருக்கிறது. அவரும் வேலைக்குச் செல்பவராயின் அதிகாலை நான்கு மணிக்கே அடுக்களையில் விளக்கு எரியும். ஓரறிவுயிரிடம் பொறுத்தருள வேண்டுகின்ற நாவு, ஐயறிவும் மனமும் உடைய இல்லாளிடம் ஒரு நல்ல சொல் கூறத் தயங்குவது என்ன நியாயம்? சொல் மட்டும் போதாது. ஆடவரும் காய் நறுக்கலாம், நீர் வடிக்கலாம். தேவபூசை முதல் தானம் ஈறாகச் சிராவகர்க்கு உரைத்த ஆறு நித்திய கருமங்களுள் சம்யமமும் தவமும் உண்டு. அவற்றைப் பயில அடுக்களையைக் காட்டிலும் அண்மையான இடம் நமக்கு இல்லை. ஜினாலயம் தொலைவில் இருப்பதால் ஞாயிறு தோறும் மட்டுமே செல்ல முடிகிறது என வருந்துவோர் இதனைச் சிந்திப்பாராக.

திகம்பர முனிவர்க்கு ஆகாரம் அளிக்கும் இல்லங்களில் கிணற்று நீரையே கொள்வது வழக்கம். காரணம் முன்னரே கூறியதுதான்: வடித்த உயிர்களைத் திருப்பிச் சேர்க்கக் கிணற்றில்தான் இயலும். முனிவர் இப்பகுதிக்கு எழுந்தருளும்போது நம்மவர் தெருத்தெருவாகத் திறந்த கிணறு தேடுகின்றனர். பழைய ஓட்டு வீடுகள் சிலவற்றில் அது இன்னும் உண்டு. அவ்வீட்டார் பெரும்பாலும் வேற்றுச் சமயத்தவர். ஈர உடையோடு விடியலில் குடமேந்தி வந்து நிற்பவரை அவர்கள் ஏன் என்று கேட்பர். கூறினால் வாயிற்கதவைத் திறந்துவிடுவர். தானம் அளித்த புண்ணியம் நமதென்று நாம் மகிழ்கின்றோம். அந்த வீட்டார்க்குப் பிறகு ஒரு நாளேனும் சென்று நாம் கைகூப்பியதுண்டா? துணியில் தங்கிய உயிர்களை அவர்கள் கிணற்றில் சேர்க்கச் செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். கயிற்றின் மறுமுனையை அது பிடித்துக்கொள்ளட்டும்.