முதல் பணி ஆணை

நுழையும்முன்

கற்ற கலைக்கு முதன்முதலாக ஒருவர் ஊதியம் தர முன்வரும்போது மனம் மகிழ்வது இயல்பு. அந்த மகிழ்ச்சியிலும் பணி ஆணையில் எழுதப்பட்டவற்றையும் எழுதப்படாதவற்றையும் பார்க்கும் பொறுமை வேண்டும். ஒளிப்படக் கலைஞர் மூவரின் தொடக்கக் காலத்தையும், ஒளிப்படத்தின் உரிமை குறித்துச் சட்டம் கூறுவதையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெங்களூரு நகரின் கிழக்கே உள்ள வைட்ஃபீல்ட், 1882ஆம் ஆண்டில் ஆங்கிலோ இந்தியர் குடியேறிப் பயிர்த்தொழில் செய்வதற்காக மைசூரு மன்னர் வழங்கிய நிலத்தில் தோன்றிய ஊர். அம்முயற்சிக்கு முன்னின்ற டி.எஸ். ஒயிட் என்பவரின் பெயரே ஊர்ப்பெயராயிற்று. நூறாண்டுக் காலம் தோட்டமும் ஓட்டு வீடுமாக இருந்த அவ்வூரில் 1990களில் தொழில்நுட்பப் பூங்கா எழுந்தது. அதனைத் தொடர்ந்து தமிழ்நாட்டிலிருந்து பொறியாளரும் கட்டடத் தொழிலாளரும் கடைக்காரரும் வந்து குடியேறினர். அவர்தம் பிள்ளைகளுள் பலர் இன்று கல்லூரிப் படிப்பை முடித்து வேலை தேடும் பருவத்தில் உள்ளனர். பெரும்பாலோர் கணினியை நாட, ஒரு சிலர் கேமராவைக் கையில் எடுத்துள்ளனர்.

கேமராவை எடுத்தவர்க்கு இவ்வூரில் வேலை இல்லாமற் போவதில்லை. இணைய அங்காடியில் விற்கப்படும் செருப்பையும் குக்கரையும் வெள்ளைத் திரையின்முன் வைத்துப் படம் எடுக்க ஆள் தேவை. விற்பனைக்கு வரும் அடுக்ககங்களின் அறைகளையும், நிறுவனங்களின் ஆண்டு விழாக்களையும், திருமணங்களையும், தொட்டிலில் கிடக்கும் குழந்தைகளையும் படம் பிடிக்கவும் ஆள் தேவை. இவற்றுள் ஏதேனும் ஒன்றைச் செய்யும் படப்பிடிப்பு நிலையத்திலிருந்து ஒருநாள் பணி ஆணை வருகிறது.

"மாதம் பிறந்தால் எவ்வளவு வரும்?" என்று தந்தை கேட்பார். "கேமரா அவர்களுடையதா, உன்னுடையதா தம்பி?" என்று கேட்கும் மாமாவும் சில வீடுகளில் உண்டு. 'எடுத்த படம் யாருடையது?' என்னும் மூன்றாவது வினாவைப் பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை.

தந்தையின் வினா எளியது போலத் தோன்றினாலும் அதனை இகழ்தல் கூடாது. தனித்து இயங்கும் திருமண ஒளிப்படக் கலைஞருக்கு ஆண்டின் எல்லா மாதமும் ஒன்றல்ல. ஆடியிலும் மார்கழியிலும் தமிழர் வீட்டுத் திருமணங்கள் நின்றுவிடும். கன்னடர் விலக்கும் ஆஷாட மாதமோ சந்திரனின் சுழற்சியைக் கொண்டு கணிக்கப்படுவது. ஆதலால் அது பெரும்பாலும் ஆடிக்குச் சில வாரம் முன்னரே தொடங்கிவிடும். இரு மொழியினர்க்கும் படம் எடுப்பவர் பெங்களூருவில் இந்த இரண்டு மந்தக் காலங்களையும் அடுத்தடுத்துக் கடக்க வேண்டும். வீட்டு வாடகைக்கு ஆடி என்றும் ஆவணி என்றும் வேறுபாடு இல்லை. அந்நிலையில், மாதந்தோறும் தவறாமல் வரும் ஊதியம் சிறிதாயினும் அதன் மதிப்புப் பெரிது.

மாமாவின் வினாவுக்குக் கணக்கே விடை சொல்லும். கேமராவின் உள்ளே ஒளியை மறைத்துத் திறக்கும் ஷட்டர் என்னும் கதவு தேயும் பொருள். ஒரு கேமராவின் ஷட்டர் இரண்டு இலட்சம் முறை இயங்கும் என்று கொள்வோம். நாளொன்றுக்கு 800 படம், மாதத்திற்கு 25 நாள் எனப் பணி செய்தால் ஒரு மாதத்தில் 20,000 படம் ஆகிறது. பத்தே மாதத்தில் இரண்டு இலட்சம் ஆகிவிடும். சொந்தக் கேமராவைக் கொண்டுவருமாறு கூறும் நிலையம் அதன் தேய்மானத்திற்கு ஒன்றும் தராவிடில், ஊதியத்தின் ஒரு பகுதியை ஊழியரே நிலையத்திற்குத் திருப்பித் தருகிறார் என்பதே பொருள்.

இனி மூன்றாவது வினா. அதன் ஆழத்தை அறியக் கர்நாடகத்தின் புகழ்பெற்ற ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் வாழ்க்கை துணைசெய்யும்.

டி.எஸ். சத்யன் 1923ஆம் ஆண்டு பிறந்தவர். மைசூரு மகாராஜா கல்லூரியில் பயின்றவர். 1948ஆம் ஆண்டு சூன் திங்களில் பெங்களூருவில் 'டெக்கான் ஹெரால்டு' என்னும் ஆங்கில நாளிதழ் தொடங்கப்பெற்றது. போத்தன் ஜோசப் அதன் முதல் ஆசிரியர். அவ்வாண்டிலேயே சத்யன் அந்நாளிதழில் ஒளிப்படக் கலைஞராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 24. நாட்டில் ஒளிப்படச் செய்தியாளர் என்ற தொழிலே அரிதாக இருந்த காலம் அது. நாளிதழோ பிறந்து சில மாதமே ஆனது. நிலைக்குமா என்று எவராலும் உறுதி கூற இயலாது. அரசு அலுவலகத்து எழுத்தர் பணியோடு ஒப்பிட்டால் இதனைத் தேர்ந்தெடுப்பது துணிச்சலான செயலே. ஆயினும், பழைய பெரிய நிறுவனத்தில் பத்தாவது ஆளாக நிற்பவருக்குக் கிடைக்காத ஒன்று புதிய நிறுவனத்தில் கிடைக்கும். சட்டமன்றம், விளையாட்டுத் திடல், திருவிழா, வெள்ளம் என எல்லா இடத்திற்கும் ஒருவரே செல்ல வேண்டியிருப்பதால், எல்லாவற்றையும் அவர் விரைந்து கற்றுக்கொள்வார்.

சத்யன் அங்கேயே தங்கிவிடவில்லை. பின்னர் மும்பையிலிருந்து வெளிவந்த 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி ஆஃப் இந்தியா' இதழில் பணியாற்றினார். அதன்பின் மாத ஊதியத்தை விட்டுத் தனித்து இயங்கும் கலைஞரானார். 'லைஃப்', 'டைம்' முதலிய அயல்நாட்டு இதழ்கள் அவர்தம் படங்களை வெளியிட்டன. உலக நலவாழ்வு நிறுவனத்திற்காகப் பெரியம்மை ஒழிப்புப் பணியையும், யுனிசெஃப் நிறுவனத்திற்காகக் குழந்தைகளின் வாழ்வையும் படம் பிடித்தார். 1977ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்றார். பன்னாட்டுக் குழந்தைகள் ஆண்டான 1979இல் அவர் எடுத்த குழந்தைப் படங்கள் நியூயார்க்கில் உள்ள ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. அவர் 2009ஆம் ஆண்டு மைசூருவில் மறைந்தார்.

மன்னரும் தலைவரும் அவருடைய கேமராவின்முன் நின்றதுண்டு. எனினும், தெருவில் விளையாடும் சிறுவரும் சந்தையில் அமர்ந்த பெண்களும் உழைக்கும் எளியோருமே அவர் படங்களில் நிலைத்து நிற்கின்றனர். பெங்களூரு கஸ்தூரிபா சாலையில் 2023ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற கலை மற்றும் ஒளிப்பட அருங்காட்சியகம் அவருடைய படங்களைக் காட்சிக்கு வைத்தது. ஒரு நாளிதழ் ஒருநாள் அச்சிட்டு மறந்துவிடக்கூடிய காட்சிகள் எழுபது ஆண்டு கழித்தும் 'சத்யன் எடுத்தவை' என்ற பெயரோடு மக்கள்முன் வந்துள்ளன.

ஹோமாய் வியாரவாலா வாழ்வில் இந்தப் பெயர்ச்சிக்கல் வேறு வகையில் எழுந்தது. 1913இல் குஜராத்தின் நவசாரியில் பிறந்த அவர் இந்தியாவின் முதல் பெண் ஒளிப்படச் செய்தியாளர் எனப் போற்றப்படுகிறார். மும்பையில் அவர் எடுத்த தொடக்கக் காலப் படங்களுக்குப் படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கிடைத்தது. ஆனால், அப்படங்களின் கீழே அச்சானது அவர் கணவர் பெயர்! பெண் ஒருத்தி எடுத்த படம் என்றால் மதிக்கமாட்டார்கள் என்பது அக்காலத்து நிலை. 1942ஆம் ஆண்டு தில்லியில் பிரித்தானியத் தகவல் சேவையில் அவருக்குப் பணி கிடைத்தது. அப்பணியின் சிறப்பு ஊதியத்தில் மட்டும் இல்லை. வெளி இதழ்களுக்குப் படம் எடுக்கவும் அவருக்கு இசைவு இருந்தது. இந்திய விடுதலையின் மாபெரும் நிகழ்வுகள் பலவற்றை அவர் கேமரா பதிவு செய்தது. 2011ஆம் ஆண்டு அவருக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கப்பெற்றது. வெளியே பணி செய்ய இசைவு என்னும் அந்த ஒரு வரி இல்லாத பணி ஆணைகளே இன்று மிகுதி.

முதற்பணி ஒளிப்படப் பணியாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், காட்டுயிர் ஒளிப்படக் கலையில் தனி முத்திரை பதித்த தமிழர். சென்னையில் சிறுசிறு பணிகள் பார்த்தபின், 1942ஆம் ஆண்டு இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமத்தானத்தில் பணியேற்றார். ஆசிரியர், நீதிபதி, மன்னரின் செயலர் என அங்கு அவர் வகித்த பொறுப்புகளுள் ஒன்றுக்கும் கேமராவோடு தொடர்பில்லை. ஆனால், அலுவல் முடிந்த பொழுதில் சண்டூர் மலையும் காடும் அருகிலேயே இருந்தன. அச்சமத்தானம் 1949இல் இந்தியாவோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பி, எழுத்தையும் படத்தையுமே நம்பி வாழ்ந்தார். 1950 முதல் 1996இல் மறையும்வரை 46 ஆண்டு 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கை பற்றி அவர் எழுதினார். பணி ஆணையை எடைபோடுவோர் வேலை நேரத்தின் நீளத்தையும், அதற்குப்பின் எஞ்சும் பொழுதையும் பார்க்க வேண்டியது இதனால்தான்.

சட்டம் கூறுவது யாது? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, படத்தை எடுத்தவரே அதன் படைப்பாளர். ஆனால், படைப்பாளர் வேறு, உரிமையாளர் வேறு. படப்பிடிப்பு நிலையத்தின் ஊழியராக ஒருவர் தம் பணியின்போது எடுக்கும் படத்தின் முதல் உரிமையாளர் அந்நிலையமே. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதியிருந்தால் மட்டுமே அது மாறும். பணம் கொடுத்துத் தம் இல்லத் திருமணத்தைப் படம் எடுக்கச் செய்தவர்க்கும் அவ்வாறே உரிமை உண்டு. நாளிதழ், வார இதழ் ஊழியரின் நிலை சற்று மேலானது. இதழில் வெளியிடும் உரிமை நிறுவனத்திற்கு. மற்றவகை உரிமை, மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, படம் எடுத்தவர்க்கே. ஆகவே, ஒரே இளைஞர் ஒரே கேமராவால் ஒரே ஊதியத்திற்கு எடுத்த படமாயினும், பணி செய்யும் இடத்தைப் பொறுத்து அதன் உரிமை மாறிவிடுகிறது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப்பின் இவ்வுரிமை படைப்பாளரின் வாழ்நாளும் அதற்குமேல் 60 ஆண்டும் நீடிக்கிறது. இருபத்திரண்டு வயதில் இடும் கையெழுத்து எவ்வளவு நீண்ட காலத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பதை இதனால் உணரலாம்.

உரிமை பிறரிடம் சென்றபின்னும், 'இதனை எடுத்தவர் நான்' என்று கூறும் உரிமை படைப்பாளரை விட்டு நீங்குவதில்லை. அச்சட்டத்தின் 57ஆம் பிரிவு அதனைக் காக்கிறது. எனினும், எடுத்தவர் என்று கூறுவது ஒன்று; அப்படங்களை அடுத்த நிறுவனத்திடம் மாதிரித் தொகுப்பாகக் காட்டுவதற்கு இசைவு பெறுவது மற்றொன்று. ஈராண்டு உழைத்து ஆயிரக்கணக்கில் படம் எடுத்தவர், வெளியேறும்போது காட்டுவதற்கு ஒரு படமும் இன்றி நிற்றல் கொடிது. இதனைத் தவிர்க்கப் பணியேற்கும் முன்னரே பணிவாக எழுதிக் கேட்கலாம். அக்கடிதம் இவ்வாறு அமையலாம்:

"ஐயா, தங்கள் நிலையத்தில் பணிபுரிய வாய்ப்பளித்தமைக்கு நன்றி. நான் எடுக்கும் படங்களுள் தங்களால் வெளியிடப்பட்டவற்றை, என் பெயருடன் எனது மாதிரித் தொகுப்பில் காட்டுவதற்கும், விடுமுறை நாள்களில் தங்கள் தொழிலோடு போட்டியிடாத படங்களை எனக்காக எடுப்பதற்கும் பணி ஆணையில் இசைவளிக்குமாறு வேண்டுகிறேன்."

நல்ல நிலையத்தார் இதற்குச் சினங்கொள்ளமாட்டார். மறுப்பார் எனின், மறுப்பும் பயனுடைய விடையே. ஈராண்டு விலகமாட்டேன் என்று உறுதிப்பத்திரம் கேட்கும் நிலையங்களும் உண்டு. அதில் குறித்த தொகை எவ்வளவு என்பதையும், பயிற்சி உண்மையில் அளிக்கப்படுமா என்பதையும் பார்த்தல் வேண்டும். பணியை விட்டபின் வேறெங்கும் கேமராவைத் தொடக்கூடாது என்று எழுதியிருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கை செல்லாது என 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு கூறுகிறது. மூலச் சான்றிதழ்களைக் கேட்டால் நகலைத் தருவதே நன்று.

இவ்வளவும் பார்த்தபின், செருப்பைப் படம் எடுக்கும் பணியையே ஓர் இளைஞர் ஏற்கலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை. வெள்ளைத் திரையின்முன் ஒரு பொருளின் நிழலை அடக்கக் கற்றவர் ஒளியைக் கற்றவரே. வீட்டில் கடன் இருக்குமாயின் முதல் ஆண்டு அங்கேயே கழிவதும் முறையே. அவ்வாறு ஏற்பவர், ஞாயிற்றுக்கிழமை காலையில் காடுகோடிச் சந்தையைப் படம் எடுக்கும் உரிமை தம்மிடமே உள்ளதா என்று மட்டும் பணி ஆணையில் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

அருஞ்சொற்பொருள்

இசைவு – சம்மதம்
தேய்மானம் – பயன்பாட்டால் ஒரு பொருளின் மதிப்புக் குறைதல்
மந்தக் காலம் – தொழில் குறைந்திருக்கும் காலம்
சமத்தானம் – மன்னர் ஆட்சிக்கு உட்பட்ட சிறு நாடு
மாதிரித் தொகுப்பு – கலைஞர் தம் திறத்தைக் காட்டத் திரட்டிய படைப்புகள்
உறுதிப்பத்திரம் – குறித்த காலம் பணியில் இருப்பதாக எழுதித் தரும் ஆவணம்

பயிற்சி

1. 'படைப்பாளர் வேறு, உரிமையாளர் வேறு' என்பதைத் திருமணப் படத்தைச் சான்றாகக் கொண்டு விளக்குக.
2. ஹோமாய் வியாரவாலாவின் தில்லிப் பணியில் இருந்த சிறப்பு யாது?
3. பாடத்தில் உள்ள கேமராக் கணக்கை நாளொன்றுக்கு 500 படம் எனக் கொண்டு மீண்டும் செய்க. கேமரா எத்தனை மாதம் உழைக்கும்?
4. தந்தையின் வினா, மாமாவின் வினா, எவரும் கேட்காத வினா: இம்மூன்றனுள் உம் வீட்டில் முதலில் எழக்கூடியது எது? வீட்டாரிடம் கேட்டு, அவர்கள் கூறியதை அவர்கள் பேசியவாறே எழுதுக.
5. வைட்ஃபீல்ட் நிலையத்தில் ஊதாத் தட மெட்ரோவில் ஏறிக் கப்பன் பூங்கா நிலையத்தில் இறங்கினால் கஸ்தூரிபா சாலை அருகில் உள்ளது. பெற்றோருடன் அங்குள்ள அருங்காட்சியகத்திற்குச் சென்று, உமக்குப் பிடித்த ஓர் ஒளிப்படத்தைப் பற்றிப் பத்து வரி எழுதுக. எடுத்தவர் பெயரைக் குறிப்பிட மறவாதீர்.