வண்டி உதறினால் ஷாஃப்டைப் பாருங்கள்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் லோடு ஏற்றிக்கொண்டு மாத்தூர், கீரனூர் வழியாகப் புதுக்கோட்டை வந்து சேரும் வண்டி, மறுநாளே ஆலங்குடி, அறந்தாங்கி என்று லைன் போகிறது. இப்படி ஓய்வில்லாமல் ஓடும் வண்டியின் டிரைவர் ஒருநாள் வந்து, "முதலாளி, அறுபதைத் தாண்டினா அடியிலே உதறுது" என்று சொன்னால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? "மெதுவா ஓட்டு" என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிடுகிறோம்.

நாமும் அதையே செய்தோம். உதறல் அதிகமானதும் முதலில் டயரை மாற்றினோம். பிறகு வீல் பேலன்சிங். பிறகு யாரோ சொன்னார்கள் என்று எஞ்சின் மவுண்டிங் ரப்பர். இரண்டு மாதம் போயிற்று. தீபாவளிக்கு முந்திய வாரம் எண்ணெய் டின்னும் சர்க்கரை மூட்டையுமாக வந்த வண்டியில், கீரனூர் தாண்டி, ஷாஃப்டின் முன்பக்கக் கிராஸ் உடைந்து ஷாஃப்ட் ரோட்டில் விழுந்தது. வேகத்தடைக்காக வேகம் குறைத்திருந்த நேரம். அதனால் உரசிக்கொண்டே வண்டி நின்றுவிட்டது. நல்ல வேகத்தில் முன்முனை விழுந்திருந்தால் அது ரோட்டில் குத்தி வண்டியையே தூக்கிப் போட்டிருக்கும். லோடு மாற்றிய கூலியும் வாடகையும் பல கிராஸ்கள் வாங்கும் தொகை. அது போகட்டும். மறுநாள் அந்தப் பையனின் தாயார் கடைக்கு வந்து, ஒன்றும் கேட்காமல் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

நமது மாருதி ஆம்னி, 2005-ல் வந்த டாடா ஏஸ், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வண்டிகளில் எஞ்சின் முன்பக்கம் இருக்கிறது. வண்டியைத் தள்ளுவதோ பின்சக்கரம். இரண்டையும் இணைத்துச் சுழலும் இரும்புக் குழாய்தான் புரப்பல்லர் ஷாஃப்ட். பள்ளம் மேட்டில் பின் ஆக்சில் ஏறி இறங்கும்போது மடங்கிக் கொடுப்பதற்காக இரு முனையிலும் கூட்டல் குறி வடிவத்தில் ஒரு கிராஸ் இருக்கும். கிராஸின் நான்கு கைகளிலும் நான்கு கிண்ணங்கள். கிண்ணங்களுக்குள் ஊசி போன்ற மெல்லிய உருளைகள். கிரீஸ் வற்றினால் இந்த ஊசிகள்தான் முதலில் தேயும். நீளமான பிக்கப் வண்டிகளில் ஷாஃப்ட் இரண்டு துண்டாக இருந்து, நடுவில் சென்டர் பேரிங்கும் அதைத் தாங்கும் ரப்பரும் இருக்கும்.

உதறல் எங்கிருந்து வருகிறது என்பதை மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். நிற்கும் வண்டியில் நியூட்ரலில் ஆக்சிலேட்டரை மிதித்தாலே உதறினால் எஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். பிரேக் போடும்போது மட்டும் என்றால் பிரேக் டிரம் அல்லது டிஸ்க். ஸ்டியரிங் கையில் ஆடினால் பெரும்பாலும் முன்சக்கரம். ரிம்முக்குள் சேறு காய்ந்து ஒட்டியிருந்தாலும் இப்படி ஆடும், அதைக் கழுவிவிட்டாலே போதும். ஸ்டியரிங் அமைதியாக இருந்து தரைத்தகடும் சீட்டும் அதிர்ந்தால் ஷாஃப்டைச் சந்தேகிக்க வேண்டும். ஆளில்லாத நேரான ரோட்டில் அந்த வேகத்தில் ஒரு கணம் கிளட்சை மிதித்துப் பாருங்கள். எஞ்சின் வேகம் இறங்கியும் உதறல் நிற்கவில்லை என்றால் கோளாறு எஞ்சினில் இல்லை.

அதிர்வின் சுபாவத்தையும் கவனிக்க வேண்டும். 12 அங்குல ரிம் உள்ள சிறு சரக்கு வண்டியில், 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்குச் சுமார் 10 முறை சுற்றுகிறது. ஷாஃப்ட் அதைப்போல் நாலைந்து மடங்கு சுற்றும். எனவே சக்கரக் கோளாறு தடதடவென்று ஆட்டும். ஷாஃப்ட் கோளாறு 'உம்' என்ற ரீங்காரத்தோடு காலில் ஏறும். வண்டி கிளம்பும்போது கீச் கீச் சத்தம், ரிவர்ஸிலிருந்து முன்கியருக்கு மாற்றும்போது 'டக்' என்று ஒரு அடி, கிராஸ் கிண்ணத்தைச் சுற்றிச் செந்துருப் பொடி: இவை கிராஸ் போய்க்கொண்டிருப்பதற்கு அடையாளம்.

லோடு ஏற்றினால் மட்டும் உதறுகிறது என்றால் குற்றம் நம்முடையதாகவும் இருக்கலாம். அளவுக்கு மேல் ஏற்றும்போது ஸ்பிரிங் அமுங்கி ஷாஃப்டின் சாய்வு மாறிவிடுகிறது. கூடுதல் மூட்டைக்காக ஸ்பிரிங்கில் பட்டை சேர்த்தவர்களுக்கு, வெறும் வண்டியிலேயே சாய்வு மாறியிருக்கும். நம் மாவட்டத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அறுவடைக் காலத்தில் கொள்ளும் உளுந்தும் செடியோடு ரோட்டில் பரப்பியிருப்பார்கள். அதன்மேல் ஓட்டினால் கொடி ஷாஃப்டில் சுற்றிக்கொள்ளும். சாக்கு நாரும் அப்படியே. ஷாஃப்ட் பேலன்ஸ் தவறும், ஆயில் சீல் கெடும், உராய்ந்து தீப்பிடிக்கவும் கூடும். உப்பு மூட்டை ஏற்றும் வண்டியை அடிப்பக்கம் நல்ல தண்ணீரால் கழுவி, உடனே கிரீஸ் அடிப்பது நல்லது.

இனி மாற்றும் வேலை. மெக்கானிக் செய்யட்டும், நாம் பக்கத்தில் நின்று பார்ப்போம். சமதரையில் நிறுத்தி, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். ஷாஃப்டைக் கழற்றிய வண்டியைக் கியரில் போட்டு நிறுத்த முடியாது. கட்டை இல்லாவிட்டால் அடியில் இருப்பவர் மேல் உருண்டுவிடும். வெறும் ஜாக்கியை நம்பிப் படுக்கவும் கூடாது, ஸ்டாண்டு அவசியம்.

போல்ட்டைத் தொடுவதற்கு முன் ஃபிளாஞ்சிலும் ஷாஃப்டிலும் பெயிண்டால் நேர்க்கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு துண்டு ஷாஃப்ட் என்றாலும், நீண்டு சுருங்கும் பல்லிணைப்பு உள்ளது என்றாலும் அங்கேயும் ஒரு கோடு. இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சாய்வில் சுழலும் கிராஸ், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறைந்தே சுழலும். 17-ம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் ஆராய்ந்த இணைப்பு இது. முன்கிராஸ் தரும் ஏற்ற இறக்கத்தைப் பின்கிராஸ் ஈடுகட்ட வேண்டுமானால் குழாயின் இரு முனைக் கவைகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும். பல்லிணைப்பை ஒரு பல் மாற்றிச் சொருகினாலும், புத்தம்புதிய கிராஸ் போட்ட வண்டி முன்னைவிட அதிகமாக உதறும்.

சுத்தியலால் கிண்ணத்தை அடித்து இறக்கும்போது ஓர் ஊசி சரிந்து கிண்ணத்தின் அடியில் விழுந்தால் கிராஸ் இறுகிவிடும். ஆகவே மாட்டியதும் கையால் நான்கு பக்கமும் அசைத்துப் பார்க்க வேண்டும். எங்கும் பிடிக்கக் கூடாது. லாக் வளையங்கள் பள்ளத்தில் முழுதாக உட்கார வேண்டும். கிரீஸ் நிப்பிள் இருந்தால் நான்கு கிண்ணத்திலும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். குழாயின் மேல் வெல்டு வைத்த சிறு தகடுகள் பேலன்ஸுக்காக வைத்தவை; அழுக்கு என்று நினைத்துத் தட்டி எடுத்துவிடாதீர்கள். குழாய் நசுங்கியிருந்தாலோ, பல்லிணைப்பு தேய்ந்து ஆடினாலோ கிராஸ் மட்டும் மாற்றுவது வீண்செலவு. ஷாஃப்டையே மாற்ற வேண்டும். பழைய ஷாஃப்ட் வாங்குவோர் நீளத்தையும் பல் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு, மெஷினில் பேலன்ஸ் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஜி.எஸ்.டி. பில் கேட்டு வாங்குங்கள். சரக்கு வண்டியின் உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் கட்டிய வரியை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம். வரிவிலக்குப் பொருள் விற்பனையின் அளவுக்கேற்ப அது குறையும்; காம்போசிஷன் முறையில் இருப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. கழற்றிய பழைய கிராஸையும் கேட்டு வாங்கி டிரைவர் கையில் கொடுங்கள். எந்தக் கை தேய்ந்தது என்று அவர் பார்த்துவிட்டால், அடுத்த முறை கீச் சத்தத்திலேயே கடைக்கு வந்து சொல்லிவிடுவார்.