என்சைம் பொட்டலமும் முளைகட்டிய கேழ்வரகும்

இளஞ்சூட்டில் இருக்கும் கெட்டிக் கேழ்வரகுக் கூழில் முளைகட்டிய கேழ்வரகு மாவை ஒரு கரண்டி கலந்து சற்று நேரம் விடுங்கள், கூழ் இளகிவிடும். முளையில் ஊறிய நொதி மாவுச்சத்தை வெட்டுகிறது. கொதிக்கிற கூழில் போட்டால் இளகாது, சூடு நொதியைக் கெடுத்துவிடும். கள்ளக்குறிச்சிப் பக்கத்துத் தீவனக் கடைகளில் ‘என்சைம்’ என்று கேட்டு வாங்கும் பொடியும் இதே சாதிதான். ஆனால் அதைச் சுற்றி எத்தனை கதைகள்!

“ஊசி மாதிரி, கோழியை ஊத வைக்கும்.” நொதி ஒரு புரதம். குடலில் வேலையை முடித்ததும் மற்றப் புரதம் போலச் செரித்துப்போகும். கறிக்கோழி வேகமாக வளர்வதற்குப் பெருங்காரணம் இனத்தேர்வு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 1957, 1978, 2005-ஆம் ஆண்டு இனங்களை ஒரே தீவனத்தில் வளர்த்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். 56-ஆம் நாள் எடை முறையே சுமார் 0.9, 1.8, 4.2 கிலோ.

“என்சைம் போட்டால் சோயா புண்ணாக்கைக் குறைக்கலாம்.” இதுதான் கைக்காசைக் கரைக்கும் நம்பிக்கை. நொதி புதிதாகச் சத்து எதையும் கொண்டுவருவதில்லை. தீவனத்தில் பூட்டிக் கிடப்பதைத்தான் திறக்கும். மக்காச்சோளம், சோயாவில் உள்ள மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. கோழியால் அதை அவ்வளவாக அவிழ்க்க முடியாது, எச்சத்தோடு வெளியே போகும். 1991-இல் நெதர்லாந்தில் விற்பனைக்கு வந்த பைட்டேஸ் நொதி அந்தக் கட்டை அவிழ்த்தது. மணிச்சத்துக்காகத் தீவனத்தில் சேர்க்கும் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) உப்பின் செலவு குறைந்தது. அதுதான் அசல் லாபம். கோதுமை, பார்லித் தீவனத்தில் சைலனேஸ், குளுகனேஸ் நொதிகள் குடலின் பிசுபிசுப்பைப் போக்கும். நம்மூர் மக்காச்சோளத் தீவனத்தில் அந்த அளவுக்குப் பலன் தெரியாது.

கல்வராயன் மலையில் மரவள்ளி நிறைய. கிழங்கையோ ஜவ்வரிசி ஆலைத் திப்பியையோ கூட்டி, கூடவே என்சைமையும் தூவினால் சரியாகிவிடும் என்பார்கள். மரவள்ளியில் புரதம் சொற்பம். இல்லாத புரதத்தை எந்த நொதி எடுத்துக் கொடுக்கும்? முட்டை ஓடும் அப்படித்தான். முட்டைக்கோழிக்கு நாளொன்றுக்கு 4 கிராம் அளவுக்குச் சுண்ணாம்புச்சத்து வேண்டும். கிளிஞ்சலையும் சுண்ணாம்புக்கல்லையும் நிறுத்திவிட்டுப் பொட்டலத்தை நம்பினால் ஓடு மெலியும்.

“பூசணம் பிடித்த சோளத்தை என்சைம் சுத்தமாக்கும்.” ஆக்காது. ரோட்டில் காயப்போட்ட மக்காச்சோளம் மழையில் நனைந்தால் அஃப்ளடாக்சின் நஞ்சு உண்டாகலாம். செரிமான நொதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மறுபடி காயவைத்தால் பூசணம் அடங்கும், நஞ்சு போகாது.

“எல்லாக் கோழிக்கும் நல்லது.” வெள்ளிமலையில் ஒரு வீட்டுப் புழக்கடைக் கோழியை எண்ணிப் பாருங்கள். சாமை நொய், கறையான், கீரை, மிச்சச் சோறு என்று பொறுக்கித் தின்கிறது. அதற்கு ஏன் பாக்கெட்? தானியத்தை ஊறவைத்து முளைகட்டிப் போட்டாலே பைட்டேட் ஓரளவு குறையும், காசும் மிச்சம். ஒப்பந்தப் பண்ணைக்காரர்கள், கம்பெனித் தீவனத்தில் ஏற்கெனவே நொதி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். இரட்டிப்பாகப் போட்டால் வளர்ச்சி இரட்டிப்பாகாது.

சொந்தமாகத் தீவனம் அரைப்பவருக்கு ஒரு கணக்கு. பைட்டேஸ் வழக்கமாகத் தீவனம் கிலோவுக்கு 500 யூனிட். ஒரு கிராமில் 5,000 யூனிட் உள்ள பொடியென்றால் ஒரு டன்னுக்கு 100 கிராம் போதும். அதை மூட்டைமேல் அப்படியே தூவாதீர்கள். முதலில் ஒரு கிலோ மாவில், பிறகு பத்துக் கிலோவில் கலந்து, அதற்கப்புறம் மொத்தத்தில் சேருங்கள். குச்சித் தீவனமாக அழுத்துவதென்றால் 80 டிகிரிக்கு மேல் சூடேறும். அதைத் தாங்கும் ரகமா என்று லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.