பூட்டிய அறையில் ஒரு யட்சி

மாணவர்களே, குயின் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயில் கோபுரத்தை எத்தனையோ முறை அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள பெண் உருவம் ஒன்றை யாரோ எடுத்துச் சென்று, ‘ஆபாசம்’ என்று பூட்டி வைத்தால் என்ன நினைப்பீர்கள்? இத்தாலியில் ஏறக்குறைய அப்படித்தான் நடந்தது.

கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை வெடித்து, பொம்பெயி நகரைச் சாம்பலில் புதைத்தது. 1938-இல் அங்கே ஒரு வீட்டை அகழ்ந்த தொல்லியலாளர் அமெதேயோ மையூரி, இந்தியத் தந்தச் சிலை ஒன்றைக் கண்டெடுத்தார். உயரம் சுமார் 25 சென்டிமீட்டர்; உங்கள் அடிக்கோலைவிடச் சற்றுக் குட்டை. நகைகள் ஏராளம், ஆடை மிகக் குறைவு. முதலில் இலட்சுமி என்றார்கள். வளத்தின் அடையாளமான யட்சி என்பதே இன்று பலரின் கருத்து.

நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இச்சிலைக்குக் கிடைத்த இடம் ‘இரகசிய அறை’. 1819-இல் மனைவி, மகளோடு அங்கு வந்த இளவரசர் பிரான்சிஸ், பாலியல் தொடர்பான பொருள்களைத் தனியே பூட்டச் சொன்னார். பெண்களும் சிறுவர்களும் நெடுங்காலம் உள்ளே போக முடியவில்லை. 2000-இல்தான் அறை பொதுமக்களுக்குத் திறந்தது.

பூட்டியதால் ஆய்வுக்குத்தான் நட்டம். கோயில் பொருள், கடை விளக்கு, தோட்டச் சிலை எல்லாம் ஒரே குவியலாயின. ரோமர்கள் ஆணின் இனவிருத்தி உறுப்பு வடிவத்தில் தாயத்து செய்து குழந்தைகளுக்கு அணிவித்தார்கள். எதற்கு? கண்ணேறு படாமலிருக்க! நம் பாட்டிமார் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டின் வேலைதான் அது. அதனால் ஆய்வாளர்கள் முதலில் கேட்பது, பொருள் எங்கே கிடைத்தது, யார் பார்வையில் இருந்தது என்பதையே.

அதற்காக ரோமர்களை வெள்ளை மனத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் சட்டத்தில் அடிமைக்குத் தன் உடல்மீதே உரிமையில்லை. எஜமானுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது. சுவரோவியத்தில் சிரிக்கும் பெண் விரும்பித்தான் சிரித்தாளா என்று ஓவியம் சொல்லாது. சட்டங்களையும் கல்வெட்டுகளையும் சேர்த்துப் படித்தால்தான் கொஞ்சமாவது புலப்படும்.

நம் யட்சிக்கு வருவோம். அவள் தலையில் ஒரு துளை இருக்கிறது. கண்ணாடியின் கைப்பிடியாகவோ சிறு மேசையின் காலாகவோ இருந்திருப்பாளாம். அடியில் வடமேற்கு இந்தியாவின் கரோஷ்டி எழுத்து. கடல் கடந்து பொம்பெயிக்கு வந்தபோது, அவள் பெரும்பாலும் ஒரு வீட்டுச் சாமான்தான்.