உதிரியாக வாங்கி நாமே மாட்டலாமா?

கேள்வி: திருவேங்கடத்தில் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, பள்ளிப் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் என்று வேலை ஓடுகிறது. பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. 'ஐ5 பிராசஸர், 8 ஜிபி ராம், 256 எஸ்எஸ்டி, எல்லாம் புது போர்டு' என்று 11,000 ரூபாய்க்கு ஒருவர் தருகிறேன் என்கிறார். டிப்ளமா படிக்கும் என் மகனோ, "பாகங்களை வாங்கிக் கொடுங்கள், நானே அசெம்பிள் பண்ணிவிடுவேன்" என்கிறான். என்ன செய்யட்டும் ஐயா?
- வாசகர், திருவேங்கடம்

பதில்: நான் உங்கள் மகன் பக்கம். ஆனால் அந்த 11,000 ரூபாய்ப் பெட்டியை விற்பவரிடம் முதலில் ஒன்று கேளுங்கள்: ஐ5 என்றால் எந்த ஐ5? இன்டெல் 2009-லிருந்து இந்தப் பெயரில் பிராசஸர் விற்றுக்கொண்டிருக்கிறது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. ஐ5-3470 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-ல் வந்தது, 4 கோர். ஐ5-12400 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 2022-ல் வந்தது, 6 கோர். கடைப் பலகையில் இரண்டுமே 'ஐ5'தான். அந்த விலைக்குப் 'புது போர்டு' என்றால், அநேகமாக எச்61 போர்டாக இருக்கும். எச்61 என்பது இன்டெல் 2011-ல் கொண்டுவந்த சிப்செட். பெரிய கம்பெனிகள் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர்களிலிருந்து எடுத்த பிராசஸர்களுக்காக அந்த போர்டு இன்றைக்கும் சீனாவில் புதிதாகத் தயாராகி வருகிறது. போர்டு புதுசு, பிராசஸர் பழசு.

கடிதம் டைப் அடிக்க அது போதும். உங்கள் தொழிலுக்குப் போதாது. விண்டோஸ் 11, இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே உள்ளவற்றை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துக்கொண்டது. ஊர்க்காரர்களின் ஆதார் நகலும் பாஸ்புக் ஸ்கேனும் உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்துபோகின்றன. பாதுகாப்பு அப்டேட் வராத ஒன்றில் அவற்றை வைப்பது, உங்களை நம்பித் தருபவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

உங்கள் வேலைக்கு ஐ3-12100 அல்லது ரைசன் 5 5600ஜி தாராளம். இரண்டிலும் கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது. ஐ3-12100எஃப் என்று எஃப் சேர்ந்தது சற்று மலிவாகக் கிடைக்கும். அதில் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் பின்னால் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதே என்று கேபிளைச் சொருகிவிட்டு, படம் வரவில்லையே என்று நாள் முழுக்கத் தேடுபவர்கள் உண்டு. ராம் 16 ஜிபி வேண்டும். ஏஐ சர்வர்களுக்கு மெமரி சிப் போய்க்கொண்டிருப்பதால் 2025 கடைசியிலிருந்து ராம் விலை தாறுமாறாக ஏறியிருக்கிறது. கை கடித்தால் இப்போதைக்கு ஒரு 8 ஜிபி மட்டும் போட்டுவிட்டு, இன்னொன்றைப் பிறகு சேர்க்கலாம். வாங்குமுன் போர்டு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று பார்த்துவிடுங்கள். இரண்டு வகை ராமிலும் பின் எண்ணிக்கை 288தான், ஆனால் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றுக்காகச் செய்த இடத்தில் இன்னொன்று ஏறாது.

காசை எங்கே மிச்சம் பிடித்தாலும் எஸ்எம்பிஎஸ்ஸில் பிடிக்காதீர்கள். உங்கள் பகுதியில் கம்ப்யூட்டரின் ஆயுளைத் தீர்மானிப்பது பிராசஸர் அல்ல, அதற்குள் போகும் கரண்ட். கேபினட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் '450 வாட்' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் வரிசையைப் பாருங்கள். பிராசஸருக்கும் மற்ற முக்கியப் பாகங்களுக்கும் போவது அந்த 12 வோல்ட்தான். அங்கே 14 ஆம்பியர் என்றிருந்தால், 12-ஐ 14-ஆல் பெருக்கினால் 168 வாட்தான் வருகிறது. 450 எங்கே போயிற்று? 12 வோல்ட்டில் 30 ஆம்பியருக்கு மேல் தரக்கூடிய, '80 ப்ளஸ்' முத்திரையுள்ள ஒன்றைத் தனியாக வாங்குங்கள். கேபினட் சாதாரணமானதே போதும். வண்ண விளக்கு எரியும் கேபினட்டுக்குப் போகும் காசு இங்கே போகட்டும்.

இனி மாட்டும் வேலை. மதர்போர்டை அது வந்த அட்டைப்பெட்டியின் மேலேயே வைத்து ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இன்டெல் சாக்கெட்டில் பின்கள் போர்டில் இருக்கின்றன, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன். விரலோ துணியோ பட்டால் வளைந்துவிடும். பிராசஸரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டையும் பொருத்தி, அழுத்தாமல் வைத்துவிட வேண்டும். சாக்கெட்டின் பூட்டுக் கம்பியை இறக்கும்போது 'கர்ர்' என்று சத்தம் வரும். பயந்து கையை எடுத்துவிட வேண்டாம், அது இயல்பு. கறுப்பு பிளாஸ்டிக் மூடி தானாகத் துள்ளி வெளியே வரும். அதைப் பத்திரமாக வையுங்கள். வாரண்டிக்குப் போர்டை அனுப்பும்போது கேட்பார்கள்.

பெரும்பாலோர் கோட்டை விடுவது ஃபேன் மாட்டுவதில். இன்டெல் பெட்டியிலேயே வரும் ஃபேனின் அடியில் பேஸ்ட் தடவியே வருகிறது, மறுபடி தடவ வேண்டாம். நான்கு கால்களிலும் பிளாஸ்டிக் பின். ஒரு மூலையை அழுத்தினால் அடுத்து அதற்கு எதிர் மூலையை அழுத்த வேண்டும். வரிசையாக அழுத்தினால் நாலாவது கால் ஏறாது. 'டிக்' சத்தம் கேட்டதோடு விடக் கூடாது. போர்டைத் தூக்கி அடிப்பக்கம் பாருங்கள். நான்கு துளைகளிலும் வெள்ளைக் கிளிப் விரிந்து, நடுவே கறுப்பு முனை எட்டிப் பார்க்க வேண்டும். ஒரு கால் பிடிக்காமல் தொங்கினாலும் கம்ப்யூட்டர் ஓடத்தான் செய்யும். ஆனால் சித்திரை வெயிலில் பெரிய படத்தைத் திறந்தால் சூடேறித் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பிராசஸர் சரியில்லை என்று பழியைத் தூக்கி அதன்மேல் போடுவார்கள்.

ராமை இரண்டு பக்கமும் கிளிப் தானாக மூடும்வரை அழுத்த வேண்டும். எம்.2 எஸ்எஸ்டியைச் சாய்வாகச் சொருகி, படுக்க வைத்து, பொடி ஸ்குரூவால் முடுக்க வேண்டும். இதோடு நிறுத்தி, கேபினட்டில் ஏற்றாமலே ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். 24 பின் கனெக்டர், பிராசஸருக்கான 8 பின் கனெக்டர், மானிட்டர், கீபோர்டு, இவ்வளவு போதும். பவர் சுவிட்ச்சுக்கான இரண்டு பின்களை ஸ்குரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஆன் ஆகும். ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லை என்றால் மேல் மூலையில் இருக்கும் அந்த 8 பின் மறந்துபோயிருக்கும், அல்லது ராம் முழுதாக உட்கார்ந்திருக்காது. பயாஸ் திரை வந்துவிட்டால் பாதிக்குமேல் வேலை முடிந்தது. இப்படிச் செய்தால், கேபினட்டில் ஏற்றிய பிறகு ஏதாவது நடந்தாலும் கோளாறு கேபினட் பக்கம்தான் என்று தெரிந்துவிடும்.

கேபினட்டில் முதலில் ஐஓ ஷீல்டு என்னும் தகட்டைப் பின்பக்கம் அழுத்தி மாட்ட வேண்டும். அடுத்து பித்தளைக் குமிழ்கள். போர்டில் துளை இருக்கும் இடங்களில் மட்டும் குமிழ் இருக்க வேண்டும். துளை இல்லாத இடத்தில் ஒன்று நின்றால், போர்டின் அடியில் சாலிடரில் முட்டி ஷார்ட் ஆகிவிடும். எந்தக் கம்பெனி போர்டும் எந்தக் கம்பெனி கேபினட்டிலும் இப்படி உட்காருகிறதே, அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஐபிஎம் 1981-ல் கொண்டுவந்த பிசி, யார் வேண்டுமானாலும் பாகம் செய்யலாம் என்ற திறந்த அமைப்பில் இருந்தது. 1995-ல் இன்டெல், துளைகளின் இடம் வரை வரையறுத்த ஏடிஎக்ஸ் அளவை வெளியிட்டது. டிப்ளமா மாணவன் ஒருவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் கோக்க முடிகிறது என்றால் அதனால்தான்.

அவன் கையால் மாட்டியதை அவன் கையாலேயே கழற்றவும் தெரியும். சின்னக் கோளாறுக்கெல்லாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கோவில்பட்டிக்கோ ராஜபாளையத்துக்கோ போய், இரண்டு நாள் கடையை மூடும் பாடு உங்களுக்கு இல்லை. நான் அவன் பக்கம் நிற்பதற்கு முதல் காரணம் இது.

கேள்வி: புதிதாக அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர். கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கிறது. செருப்புப் போட்டுக்கொண்டால் தெரியவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிவிட்டேன், அப்போதும் அப்படித்தான். மாட்டியதில் தப்பா?
- வாசகி, குருவிகுளம்

பதில்: மாட்டியதில் தப்பில்லை. எஸ்எம்பிஎஸ்ஸிலும் தப்பில்லை. உங்கள் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை.

எஸ்எம்பிஎஸ்ஸின் வாசலில், கரண்டில் வரும் இரைச்சலை வடிகட்ட இரண்டு குட்டிக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. ஒன்று ஃபேஸிலிருந்தும், மற்றொன்று நியூட்ரலிலிருந்தும் கேபினட்டின் தகட்டுக்கு வருகிறது. அவற்றின் வழியே கசியும் மிகச் சிறிய மின்சாரம், பிளக்கின் பெரிய மூன்றாவது பின் வழியே மண்ணுக்குப் போய்விட வேண்டும். அந்த வழி அடைபட்டால் 230 வோல்ட்டில் பாதி, அதாவது 115 வோல்ட் சுமாருக்குத் தகட்டில் வந்து நிற்கும். நல்ல நிலையில் இருக்கும் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்தக் கசிவு ஆளைக் கொல்லும் அளவு இருக்காது. ஆனால் பிரிண்டர் கேபிளையோ எச்டிஎம்ஐயையோ சொருகும் நொடியில் அந்த மின்சாரம் போர்ட் வழியே பாயும். போர்ட்கள் ஒவ்வொன்றாகச் சாவதற்கு இது ஒரு காரணம். என்றைக்காவது எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் ஃபேஸ் வயர் தகட்டைத் தொட்டுவிட்டால், காப்பாற்ற எர்த் இருக்காது. இதை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த சாக்கெட்டில் அளக்கச் சொல்லுங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே என்ன வோல்ட்டேஜோ, ஏறக்குறைய அதே அளவு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. மீட்டர் மட்டும் போதாது. சீக்குப் பிடித்த எர்த்திலும் மீட்டர் 230 காட்டும். டெஸ்ட் லேம்ப் பிடித்துப் பார்க்க வேண்டும். 100 வாட் குண்டு பல்பு ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே பளிச்சென்று எரிய வேண்டும், அல்லது வீட்டில் ஆர்சிசிபி இருந்தால் அது விழ வேண்டும். மங்கலாக எரிந்தால் எர்த் குழி செத்துவிட்டது.

உங்கள் பக்கம் கரிசல் மண். ஈரம் இருக்கும்போது அதைப்போல் எர்த்துக்கு நல்ல மண் இல்லை. பங்குனி, சித்திரையில் அதே கரிசல் பாளம் பாளமாக வெடித்து, எர்த் குழாயைச் சுற்றி இடைவெளி விட்டுவிடும். மழைக்காலத்தில் ஷாக் அடிக்காமல் கோடையில் மட்டும் அடிக்கிறது என்று உங்கள் பக்கத்தில் யாராவது சொன்னால் காரணம் இதுதான். கரியும் உப்பும் மாற்றி மாற்றி அடுக்கி இரண்டரை மீட்டர் ஜிஐ பைப் இறக்கிய குழியாக இருந்தால், கோடையில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி வாருங்கள்.

யாராவது வந்து, "நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் பின்னுக்குப் போட்டுவிட்டால் சரியாகிவிடும்" என்று சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். இழுப்பது அப்போதைக்கு நிற்கும். எங்கோ நியூட்ரல் வயர் அறுந்த நாளில், முழு 230 வோல்ட்டும் கேபினட்டுக்கு வந்துவிடும். உயிர் போகும்.

கேள்வி: வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குத் தனியாக யூபிஎஸ் வேண்டுமா?
- வாசகர், கழுகுமலை

பதில்: இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையா என்று பாருங்கள். ஸ்கொயர் வேவ் என்றால் இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சில அதனோடு ஒத்துப்போவதில்லை, தனி யூபிஎஸ் வாங்கிவிடுங்கள். சைன் வேவ் என்றால், பின்பக்கம் யூபிஎஸ் என்றும் இக்கோ என்றும் ஒரு சுவிட்ச் இருக்கும், அதை யூபிஎஸ் பக்கம் தள்ளுங்கள். அப்போது வோல்ட்டேஜ் ஏறக்குறைய 180-க்குக் கீழே இறங்கினாலும் 260-க்கு மேலே ஏறினாலும் பேட்டரிக்கு மாறிக்கொள்ளும், மாறுவதும் வேகமாக நடக்கும். கரண்ட் நின்ற பிறகு எஸ்எம்பிஎஸ் தன்னிடமுள்ள சேமிப்பில் தம் பிடிப்பது ஏறக்குறைய 16 மில்லி செகண்ட்தான். அதற்குள் மாறாவிட்டால் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

600 விஏ யூபிஎஸ் என்றால் பெரும்பாலும் 360 வாட். கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் அது போதும். லேசர் பிரிண்டரையும் லேமினேஷன் மெஷினையும் அதில் சொருகவே கூடாது. இரண்டும் சூடாகி வேலை செய்பவை, இழுக்கும் கரண்டில் யூபிஎஸ் கையைத் தூக்கிவிடும்.

கேள்வி: பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கே போய் எல்லாப் பாகத்தையும் வாங்கிவிடலாமா? மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள்.
- வாசகர், சங்கரன்கோவில்

பதில்: நாலைந்து கம்ப்யூட்டர் போடுகிறீர்கள் என்றால் போகலாம். அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருவிலும் பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் ஒரே நாளில் பத்துக் கடை விசாரித்துவிடலாம். ஒன்றே ஒன்றுக்கு என்றால் ரயில் செலவும் ஒரு நாள் வேலையும் போக மிஞ்சுவது அதிகமில்லை. திருநெல்வேலியிலேயே விசாரியுங்கள், மாற்ற வேண்டி வந்தால் போய் வரும் தூரம்.

எங்கே வாங்கினாலும் பிராசஸர் சீல் உடைக்காத பெட்டியில் வருகிறதா என்று பாருங்கள். இன்டெல் பெட்டியில் வருவதற்கு மூன்று வருட வாரண்டி. 'ட்ரே' என்று தனியாகத் தருவதற்கு இன்டெல் நேரடியாகப் பொறுப்பேற்பதில்லை, விற்றவர் சொல்வதுதான் வாரண்டி. ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணையும் ஜிஎஸ்டி பில்லில் எழுதச் சொல்லி வாங்குங்கள். பில் வேண்டாமென்றால் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். குறைக்க வேண்டாம், பில்லைக் கேளுங்கள். ஊருக்கு வந்ததும் பில்லையும் பெட்டிகளின் ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வையுங்கள். தெர்மல் பேப்பரில் அடித்த பில்லாக இருந்தால் வாரண்டி முடிவதற்குள் எழுத்து மறைந்துவிடும்.