படத்திலிருந்து எழுத்துக்கு

ஸ்கேன் செய்த பக்கம் திரையில் புத்தகப் பக்கம் போலவே தெரியும். கணினிக்கோ அது வெறும் படம். அதிலுள்ள ஒரு சொல்லை மவுஸினால் தெரிவு செய்து பாருங்கள். முடியாவிட்டால் அங்கே கணினி அறிந்த எழுத்து எதுவுமில்லை, தேடினாலும் கிடைக்காது. அந்தப் படத்தைத் தட்டச்சு செய்தது போன்ற எழுத்தாக்கித் தரும் மென்பொருளே எழுத்துணரி.

படத்தைக் கூகுள் டிரைவில் பதிவேற்றி, கூகுள் டொக்ஸில் திறந்தால் கீழே எழுத்து வந்துவிடும். இணையம் இல்லாதோருக்கு டெஸரெக்ட் என்ற இலவச மென்பொருள் உண்டு. 1985 இல் எச்பி நிறுவனத்தில் தொடங்கிய அதற்கு இன்று தமிழும் தெரியும். பக்கத்தை 300 டிபிஐ அளவில், நிழல் விழாமல் ஸ்கேன் செய்வது நல்லது. இலகுவான பகுதி இத்துடன் முடிகிறது.

வகுப்புத் தோழிகள் சிலரும் நானும் எமது கல்லூரியின் பழைய சஞ்சிகைகளை இவ்வாறு மாற்றி வருகிறோம். எங்களில் சிலருடைய உம்மாமார் மாணவிகளாக எழுதிய கவிதைகள் அவற்றில் உள்ளன. தாள் மஞ்சளாகி, மை மங்கியிருக்கிறது. மெய்யெழுத்தின் புள்ளி போய் ‘பஸ்மியா’ என்பது ‘பஸமியா’ ஆகிறது. யானைத் துதிக்கை போல வளைந்த பழைய ‘லை’, ‘னை’ எழுத்துகளிலும் எழுத்துணரி தடுமாறுகிறது. இவை பரவாயில்லை, பார்த்ததும் பிழை என்று தெரிந்துவிடும்.

எனக்குப் பயம் கண்ணுக்குத் தெரியாத பிழைகளில்தான். ‘அரசு’ என்பதில் ‘ர’வுக்குப் பதில் துணைக்கால் விழுந்தால் திரையில் பெரிய வித்தியாசம் தெரியாது. ‘ஔவை’யின் முதல் எழுத்து ‘ஒ’, ‘ள’ என இரண்டாகப் பிரிந்தாலும் அப்படித்தான். நாம் சரியாகவே வாசிப்போம், தேடும் கணினிக்கு மட்டும் அந்தச் சொல் கிடைக்காது. ‘1993’ என்பது ‘1998’ ஆனால் எந்தச் சொற்திருத்தியும் அதைப் பிடிக்காது. சொற்திருத்தியை நம்பி ‘றிஸானா’வை ‘ரிஸானா’ ஆக்கினால் அது இன்னொருவர் பெயர். எழுதியவரைப் பிறகு அவரது பிள்ளைகளே தேடினாலும் கிடைக்கமாட்டார்.

இதற்குத் தமிழ் விக்கிமூலத்தில் நல்லதொரு முறை இருக்கிறது. படமும் எழுத்தும் அருகருகே நிற்கும். ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் பக்கம் மஞ்சள் நிறமாகும். பச்சையாவதற்கு வேறொருவர் மறுபடியும் பார்க்க வேண்டும், அதே ஆள் பார்த்தால் செல்லாது. நாங்களும் அப்படியே செய்கிறோம். ஒருத்தி படத்தைப் பார்த்து உரக்க வாசிக்க, மற்றவள் எழுத்தைச் சரிபார்ப்பாள். பெயர்களையும் எண்களையும் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்வோம். ஒரு பாடவேளையில் நான்கு பக்கம் முடிந்தால் பெரிய காரியம்!

எழுத்து வந்த பிறகும் படத்தை அழிப்பதில்லை. 2005 இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகமும் பக்கங்களைப் படங்களாகவே காத்து வருகிறது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அங்கிருந்த ஏடுகளும் எரிந்து போயின.

எங்களிடம் சில ஆண்டுகளின் இதழ்கள் இல்லை. பெற்றோரே, பழைய மாணவியரே, வீட்டு அலுமாரியில் இருந்தால் இரண்டு நாளுக்குத் தாருங்கள். கட்டைப் பிரிக்காமல் ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருவோம்.